இரண்டு பூஜ்யம் ப்ளேட்

எங்கள் மெஸ்ஸில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. என்ன கேட்டுச் சாப்பிடுகிறாரோ அதுதான் அவர் பெயர். "அப்பளம் வேணாம் வந்துட்டாரு, கட்டித் தயிர் இன்னும் காணோம், நக்கோ ஊறுகா ஆட்டோவ ஓரங்கட்டிக்கினு இருக்காரு" என்று கூடத்திலிருந்து என் தங்கை குரல் கொடுப்பாள். நக்கோ என்றால் அந்த ஆட்டோக்காரரின் உருதுவில் வேண்டாம் என்று அர்த்தம். அடுப்படியில் நான் அதற்கேற்பச் சோற்றை இறக்குவேன். அவர்களுடைய நிஜப் பெயர்கள் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பெயர் சொன்னால் ஆள்தான் நினைவுக்கு வருவார். அப்பளம் வேணாம் என்றால் தட்டே கண்முன் வந்துவிடும்.

தொம்மலூர் பழைய ஊருக்குள், பெருமாள் கோயிலுக்குப் போகிற சந்துத் திருப்பத்தில் அப்பா தொடங்கிய மெஸ் அது. அப்பா அம்மா இருவரும் போன பிறகு நானும் அவளும் நடத்தினோம். எனக்குக் கல்யாணம் அமையவில்லை, அதற்காக நான் யாரையும் நொந்துகொண்டதும் இல்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று நின்றவள் நான். பார்சல் கட்டுகிற பழைய பேப்பரைப் படித்துத்தான் எனக்கு எழுத்து ஓடியது. அதைவிடச் சாப்பிட வருகிறவர்கள் பேசுகிற பேச்சைக் கேட்டுக் கற்றதுதான் அதிகம். ஆளுக்கொரு பழமொழி, ஊருக்கொரு சொலவடை. வேலூர்க்காரர் ஒன்று சொல்வார், மண்டியாக்காரர் அதையே கன்னடத்தில் வேறு மாதிரி சொல்வார். எல்லாவற்றையும் நான் பிடித்து வைத்துக்கொள்வேன்.

வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. அப்பா அதில் "இன்று கூட்டு: பூசணி" என்பதற்கு மேல் ஓர் எழுத்து எழுதியதில்லை. தங்கை கையில் சாக்பீஸ் வந்த பிறகுதான் பலகைக்கு வாய் முளைத்தது. நான் பொறுக்கி வந்து சொல்வேன், அவள் அதைத் திருப்பிப் போட்டு எழுதுவாள். "ஊட்டா பல்லவனிகெ ரோகவில்ல" என்று கன்னடத்தில் ஒரு வசனம் உண்டு. சாப்பிடத் தெரிந்தவனுக்கு நோயில்லை என்று அர்த்தம். அவள் அதை எழுதி, அதற்குக் கீழே, "தெரியாதவர்களுக்குச் சொல்லித்தரப்படும், மதியம் பன்னிரண்டு முதல்" என்று சேர்த்துவிட்டாள். போகிறவர்கள் நின்று படித்தார்கள். நின்றவர்களில் பாதிப்பேர் உள்ளே வந்தார்கள்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஊர் முழுக்க ஒரே பேச்சு. ஜனவரி ஒன்றாம் தேதி கம்ப்யூட்டர்கள் எல்லாம் கெட்டுப்போகும், லிஃப்ட் பாதியில் நிற்கும், தண்ணீர் வராது, கரண்ட் போய்விடும், பேங்கில் நம் பெயரே இருக்காது. எதிர்வீட்டில் மெழுகுவர்த்தி வாங்கி அடுக்கினார்கள். பக்கத்து வீட்டில் குடம் குடமாகத் தண்ணீர் பிடித்து வைக்க இடம் பார்த்தார்கள்.

மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக எழும்பியிருந்த ஆபீஸ் ஒன்றில் அந்தக் கோளாறைச் சரிசெய்கிற வேலைதான் நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த பையன்களும் பெண்களும் அங்கிருந்து மதியம் கும்பலாக எங்களிடம் வருவார்கள். அவர்களில் ஒருவர் கரூர்ப் பக்கத்துப் பிள்ளை. சாம்பாரைத் தொடவே மாட்டார். சோற்றுக்கு ஒரு தடவை ரசம், அப்புறம் குடிக்க ஒரு தடவை ரசம். அதனால் அவர் பெயர் 'ரெண்டு ரசம்'.

ஒருநாள் அவரைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். "ஏன் தம்பி, அப்படி என்னதான் ஆவுது அதுக்கு?"

"கம்ப்யூட்டருக்கு வருஷத்துல கடைசி ரெண்டு எண்ணுதான்க்கா சொல்லி வெச்சிருக்காங்க. தொண்ணூத்தொம்போதுக்கு அப்புறம் ரெண்டு பூஜ்யம் வரும். அது ரெண்டாயிரமா, ஆயிரத்துத் தொள்ளாயிரமான்னு தெரியாம முழிக்கும்."

"மொதல்லயே நாலு எண்ணு போட்டுத் தொலைக்கறது?"

"எடத்தை மிச்சம் பண்ணாங்கக்கா."

"நல்லா மிச்சம் பண்ணாங்க போ. துணிய மிச்சம் புடிச்சு சட்டைக்குக் கையி இல்லாம தைச்ச கதை."

அவர் சிரித்தார். ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருந்த தங்கை சிரிக்கவில்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை பலகையில் இப்படி இருந்தது: "எங்கள் இட்லிப் பானையில் கம்ப்யூட்டர் இல்லை. ஜனவரி ஒன்றாம் தேதியும் இட்லி உண்டு."

அதற்கு அடுத்த வாரம்தான் அவளுடைய பெரிய வெற்றி வந்தது. "கம்ப்யூட்டருக்கு இரண்டு பூஜ்யம் என்றால் பயம். எங்களுக்கு இரண்டு பூஜ்யம் என்றால் இரண்டு உளுந்து வடை." பக்கத்திலேயே இரண்டு வட்டம் போட்டு நடுவில் ஓட்டையும் போட்டிருந்தாள். அன்றிலிருந்து வடையை யாரும் வடை என்று கேட்கவில்லை. "ஒரு பூஜ்யம் ப்ளேட் குடுங்க" என்றார்கள். "ஒத்தைப் பூஜ்யம் கெடைக்குமா?" என்று கேட்டவர்களும் உண்டு. எனக்கு உளுந்து அரைத்து மாளவில்லை. நக்கோ ஊறுகா, ஆட்டோ ஓட்டுகிற பாய், வடையைப் பிய்த்துக்கொண்டே அவருடைய உருதுவில் ஒன்று சொன்னார்: "கம்ப்யூட்டர் மரா தோ மரா, பேட் கி பூக் மர்தீ க்யா அக்கா?" கம்ப்யூட்டர் செத்தால் சாகட்டும், வயிற்றுப் பசி சாகுமா என்கிறார். அதையும் எழுதினோம்.

ரெண்டு ரசம் ஆபீஸில், சோதித்துச் சரியாக இருக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டர் மேலும் 'ரெடி' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்களாம். மிஞ்சியதில் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தார். தங்கை ஒன்றை ரசக் குண்டானில் ஒட்டினாள், ஒன்றைக் கிரைண்டரில், ஒன்றை ஊறுகாய் ஜாடியில். "ரசத்த டெஸ்ட் பண்ணியாச்சாம்மா?" என்று கட்டித் தயிர் கேட்டதற்கு, "தெனமும் ரெண்டு தடவை ஒருத்தர் டெஸ்ட் பண்றாரே" என்றாள். அந்த ஒருத்தர் காது வரை சிவந்துபோய் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பிள்ளை ரசத்துக்காக மட்டும் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை.

ஸ்டிக்கர் பேச்சு சந்து முழுக்கப் பரவிவிட்டது. தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவர் வந்து, "நம்ம பொட்டிக்கும் ஒண்ணு குடும்மா" என்று நின்றார். கரி போட்டு ஊதுகிற பெட்டி அது.

"கரிப் பொட்டிக்கு எங்கிருந்துய்யா கம்ப்யூட்டர் வந்துச்சு?" என்றேன்.

"எதுக்கும் இருக்கட்டும்மா. கொழந்தைக்குக் கன்னத்துல மை வெக்கறோமில்ல? நோய் வந்ததுக்கா வெக்கறோம்?"

ஒன்று கொடுத்தோம். பிறகு டிவிக்கு, மிக்ஸிக்கு, தண்ணீர் மோட்டாருக்கு என்று கேட்டு வந்தார்கள். ஆபீஸ் ஸ்டிக்கர் தீர்ந்ததும், தங்கை வெள்ளைத் தாளில் "நாங்க ரெடி" என்று கையாலேயே எழுதி, முழுச் சாப்பாடு பார்சல் வாங்குகிறவர்களுக்கு ஒன்று இலவசம் என்றாள். பார்சலுக்கு வரிசை நின்றது. சந்தில் திரும்பிய பக்கமெல்லாம் அவளுடைய கையெழுத்து.

ஊர் சிரித்தது. நான் மட்டும் உள்ளுக்குள் வேறு கணக்கில் இருந்தேன்.

ரெண்டு ரசம் வீட்டிலிருந்து பெரியவர்கள் வந்து பேசி, தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான். மாப்பிள்ளை இதே ஊர், அவள் காலையில் வந்து பலகை எழுதுவாள் என்று நினைத்திருந்தேன். பிறகுதான் அவர் மெதுவாகச் சொன்னார். அவர்கள் வேலை செய்து கொடுத்தது அமெரிக்காவில் ஒரு கம்பெனிக்கு. ஜனவரி ஒன்று ஒரு குறையுமில்லாமல் கடந்துவிட்டால் இவரை அங்கேயே கூப்பிட்டுக்கொள்வார்கள். ஏதாவது உடைந்தால் இங்கேயே உட்கார்ந்து அதைச் சரிசெய்ய வேண்டியிருக்கும், மாதக்கணக்கில்.

அன்றைக்குச் சாயங்காலமே கோயிலுக்குப் போனேன். மறுநாளும் போனேன். ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது தங்கை என் பக்கத்தில் குந்தினாள்.

"ஊர்ல அத்தனை பேரும் ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு வேண்டிக்கிறாங்க. நீ ஒருத்திதான் ஏதாச்சும் ஆவணும்னு வேண்டிக்கிற. இல்ல?"

"யாரு சொன்னா?"

"தீபத்தட்டுல கை வெக்கறப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். திருடி மாதிரி இருந்துச்சு."

மறைத்து என்ன பயன்? "பெருசா எல்லாம் கேக்கலடி. பிளேனு, ஆஸ்பத்திரி எல்லாம் நல்லா இருக்கட்டும். லிஃப்ட்டு கூட ஓடட்டும். உன் ஆளு கம்பெனியில மட்டும் ஒரு நட்டு கழண்டா போதும். சின்ன நட்டு."

அவள் என் தோளில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "பெருமாள் பாவம்க்கா. கம்ப்யூட்டர்ல நட்டு எங்க இருக்குன்னு தெரியாம முழிக்கப் போறாரு." அப்புறம் சிரிப்பு நின்று, "நான் போகலன்னா உனக்கு சந்தோஷம். அவரு போகலன்னா அவருக்கு வருத்தம். நான் யாருக்குக்கா வேண்டிக்கறது?" என்றாள். நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜனவரி ஒன்று சனிக்கிழமை. பலகையில் வாக்குக் கொடுத்திருக்கிறோமே, விடியும் முன்பே இட்லிப் பானை ஏற்றினோம். கரண்ட் இருந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. சந்துக்காரர்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவே வந்தவர்கள் மாதிரி மெஸ்ஸில் கூடிவிட்டார்கள். இஸ்திரிக்காரர் பெட்டியைத் தொட்டுக் காட்டி, "பாத்தியாம்மா, ஒண்ணும் ஆவல" என்றார்.

ஆனால் என் விஷயம் இன்னும் முடியவில்லை. அமெரிக்காவில் பன்னிரண்டு அடிக்கும்போது நமக்கு இங்கே டிபன் முடிந்து சாம்பாருக்குத் தாளிக்கிற நேரம். ஆபீஸ் பிள்ளைகள் எல்லாம் அங்கேயே காத்திருந்தார்கள். நான் கடுகு வெடிப்பதைப் பார்த்துக்கொண்டு, இப்போது, இதோ இப்போது என்று நின்றேன்.

அந்த நேரத்தில்தான் கூடத்திலிருந்து தங்கை கத்தினாள். "அக்கா! ஒடைஞ்சிருச்சுக்கா!"

கரண்டியோடு ஓடினேன். மாதச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒன்றாம் தேதி கூப்பன் கொடுப்போம். ஒவ்வொரு கூப்பனிலும் மாதமும் வருஷமும் ரப்பர் ஸ்டாம்பால் குத்தித் தருவது வழக்கம். ஸ்டாம்பில் வருஷம் ஒரு சின்னச் சக்கரத்தில் இருக்கும், திருகினால் அடுத்த வருஷம் வரும். அப்பா எண்பத்தெட்டில் வாங்கியது. தங்கை தொண்ணூற்றொன்பதைத் திருகியிருக்கிறாள். மறுபடி எண்பத்தெட்டு வந்து நின்றுவிட்டது. அதற்குமேல் அந்தச் சக்கரத்தில் வருஷமே இல்லை.

உலகம் முழுக்க எதுவும் ஆகவில்லை. வருஷம் பின்னால் போனது எங்கள் மெஸ்ஸில் மட்டும்தான். ஊருக்கெல்லாம் 'ரெடி' என்று எழுதி ஒட்டினோமே, நாங்கள்தான் ரெடி இல்லை. அப்பளம் வேணாம் எழுந்து நின்று கைதட்டினார். "எண்பத்தெட்டு ரேட்டுக்கே சாப்பாடு போடுங்கம்மா, கூப்பன்ல அப்படித்தான இருக்கு" என்று பாய் தொடையைத் தட்டினார். நானும் சிரித்தேன். என் வேண்டுதல் விலாசம் தவறி வந்துவிட்டதோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ஆபீஸ் பிள்ளைகள் வந்தார்கள். கண்ணெல்லாம் சிவந்து, சட்டை கசங்கி, ஆனால் நடையில் ஒரு துள்ளல். ரெண்டு ரசம் என்னைப் பார்த்தார். நான் கேட்டேனா, கேட்கவில்லையா, ஞாபகமில்லை.

"ஒரு கீறல் கூட இல்லக்கா. எல்லாம் சுத்தமா ஓடுது."

"நல்லது தம்பி" என்றேன்.

ஸ்டாம்பு விஷயம் கேட்டதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நான் சரிபண்ணித் தருகிறேன் என்று ஒரு உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, பிளேடால் இரண்டாயிரம் என்று செதுக்கினார். மையில் தொட்டுக் கூப்பனில் வைத்தார். பூஜ்யங்கள் மூன்றும் ஒழுங்காக விழுந்தன. ஆனால் வரிசையே தலைகீழ். பூஜ்யம் மூன்றும் முன்னால் வந்து நிற்க, கடைசியில் இரண்டு கண்ணாடியில் பார்த்தது மாதிரி திரும்பி உட்கார்ந்திருந்தது. அமெரிக்காவையே நேர்செய்துவிட்டு வந்தவர் உருளைக்கிழங்கில் கோட்டைவிட்டுவிட்டார். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அடுப்படிக்குள் வந்து என் முந்தானையில் முகத்தை வைத்தபோதுதான், சிரிப்பு எப்போதோ முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

தையில் கல்யாணம். வெயில்காலம் வருவதற்கு முன்பே அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார்கள். அப்போது விமான நிலையம் எங்கள் வீட்டிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம்தான். பாய்தான் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டார், மீட்டரைப் போடவே இல்லை. அதற்கு முன்னால் எத்தனையோ வருஷம் மொட்டைமாடிக்கு மேல் விமானம் தாழப் போயிருக்கிறது. வடகம் காயவைக்கும்போது நிழல் விழும், அவ்வளவுதான் எனக்கு அது. அவள் போன பிறகு ஒவ்வொரு சத்தத்துக்கும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். அவள் போகிற விமானம் அல்ல என்று தெரிந்தும் பார்த்தேன். பிறகு விமான நிலையத்தையே ஊருக்கு வெளியே தூரமாகக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தச் சத்தமும் இல்லாமல் போயிற்று.

பலகையை நான் காலியாக விடவில்லை. என்னிடம் சொலவடைகளுக்குப் பஞ்சமா? தினம் ஒன்று எழுதினேன். ஒரு வாரம் படித்துப் பார்த்துவிட்டு அப்பளம் வேணாம் சொன்னார்: "சாப்பாடு நல்லா இருக்குக்கா. போர்டுலதான் உப்பு கம்மி." சரியாகத்தான் சொன்னார். கேட்டதை அப்படியே எழுத எனக்கு வந்தது. அதைத் திருப்பிப் போடுகிற விரல் அவளுடையது.

கோளாறு தீர்ந்ததும் அந்த ஆபீஸ் பிள்ளைகளுக்கும் வேலை தீர்ந்தது. பயம் இருந்தவரைக்கும்தான் அவர்களுக்குச் சோறு, அவர்கள் இருந்தவரைக்கும்தான் எனக்குக் கூட்டம். ஒவ்வொருவராக வந்து சொல்லிக்கொண்டு போனார்கள். சில வருஷத்தில் கட்டடக்காரர் இடத்தைக் கேட்டார், கொடுத்துவிட்டேன். இப்போது அங்கே கண்ணாடி போட்ட ஆபீஸ் ஒன்று நிற்கிறது. நான் இதே ஊரில் அடுகோடிப் பக்கம் ஒரு பெண்கள் விடுதிக்குச் சமைக்கிறேன். இங்கேயும் பெயர் கிடையாது. 'சக்கரை இல்லாம காபி', 'கருகின தோசை' என்றுதான் கூப்பிடுகிறேன். கருகின தோசைக்கு நிஜமாகவே கருகினால்தான் பிடிக்கும்.

தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். எனக்கு இங்கே ராத்திரிச் சாப்பாட்டு வேலை நடக்கும், அவளுக்கு அங்கே அப்போதுதான் காலை. இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருதரம் வருவாள். வந்தால் நாள் ஓடிவிடும். "அடுத்த வருஷம் மொத்தமா வந்துடறோம்க்கா" என்று அவளும் சொல்லிச் சொல்லி, அவளுடைய மகன் காலேஜுக்குப் போய்விட்டான்.

போன ஞாயிறு அவள் குரல் மெதுவாக இருந்தது. அங்கே அவர் கம்பெனியில் ஆட்களைக் குறைக்கிறார்களாம். கம்ப்யூட்டரே இப்போது தன் வேலையைத் தானே எழுதிக்கொள்கிறதாம், எழுதத் தெரிந்தவர்கள் அதிகமாகிவிட்டார்களாம். இவர் பெயரும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்த மாதக் கடைசியில் தெரியும். வேலை போனால் வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்துவிட வேண்டியதுதான்.

நான் அடுப்பைத் தணித்தேன்.

"என்னக்கா, சத்தத்தயே காணோம்? வேண்டிக்க ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரித்தாள். அதே சிரிப்பு.

உண்மையைச் சொன்னால், வந்துவிட வேண்டியதுதான் என்று அவள் சொன்னதுமே எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்துவிட்டது. எந்த அறையை அவளுக்கு ஒழிப்பது, எந்தக் கட்டிலைப் போடுவது என்பது வரைக்கும் ஒரு நொடியில் போய்விட்டேன். அப்புறம்தான் அந்தப் பையனுடைய படிப்பு ஞாபகம் வந்தது. இந்த வயதில் வேலை போய் நிற்கிற மாப்பிள்ளையின் முகம் வந்தது. ஒரு குறையுமில்லாமல் முடித்துவிட்டு வந்த அன்றைக்கு அவர் நடையில் இருந்த துள்ளலும் வந்தது.

"மாப்ளைக்கு வேல நெலைக்கட்டும்டி" என்றேன்.

"நெஜமாவா சொல்ற?"

"நெஜமாத்தான்."

"அப்ப நான் வரவே முடியாதேக்கா."

எத்தனை பேருடைய பேச்சைச் சேர்த்து வைத்திருக்கிறேன், அந்த இடத்தில் சொல்ல ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. கருகின தோசையும் மற்றப் பெண்களும் தட்டோடு வந்து நின்றார்கள். "சாப்பாட்டு நேரம்டி, அப்புறம் பேசறேன்" என்றேன்.

"நீ பரிமாறு. நான் இருக்கேன்" என்றாள்.

போனை ஊறுகாய் பாட்டில்மேல் சாய்த்து வைத்தேன். சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன், யாருக்கு அப்பளம், யாருக்கு இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக்கொண்டே போனேன். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் வைக்கவே இல்லை. அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.